எடைமேடைத் தாத்தா பதில்கள்: ஆயிரம் பவுன் சுமக்கும் வீரன்

சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: "புதையலைக் கண்டெடுத்தவன் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடக்கவும் வேண்டும்." அதற்கு வந்த கடிதங்களை மளிகைக் கடைத் தராசில் போட்டால் முள் நகரும். ஆகவே இந்த மாதம் வேறு கேள்விகள் கிடையாது. பகடை உருட்டி விளையாடும் வீரக்கதை ஆட்டங்களில் காசின் எடை, ஆள் சுமக்கும் பாரம், இவை மட்டும்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி நான்கு வரி. நம் மொரீஷியஸில் சர்க்கரை ஆலை ஒன்றின் எடைமேடையில் 31 ஆண்டுகள் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தவன் நான். கரும்பு லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, காலியாகத் திரும்பும்போது ஓர் எடை. கழித்தால் வருவது கரும்பு. ஓய்வு பெற்ற பிறகு, மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை விடுத்திருந்த ஒரு நாளில், மின்சாரமும் போய்விட்ட வீட்டில், என் பேத்தி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகத்தை விரித்தாள். அன்று பிடித்த பைத்தியம். இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடத்துநர், அதாவது கதையைச் சொல்லி ஆட்டம் நடத்துபவன், நான்தான்.

கேள்வி: பொற்காசுக்கு எடை உண்டு என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். ஒரு காசு எவ்வளவு கனம்?
(கல்லூரி மாணவர், ரோஸ்ஹில்)

தம்பி, 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து கணக்கு ஒன்றுதான்: 50 காசு ஒரு ராத்தல். தங்கமோ வெள்ளியோ செம்போ, எல்லாவற்றுக்கும் அதே எடை. ஒரு ராத்தல் 454 கிராம் என்றால் ஒரு காசு 9 கிராமுக்குச் சற்றுக் கூடுதல்.

கிராமில் சொன்னால் மனத்தில் நிற்காது. பவுனில் சொல்கிறேன். நம் வீடுகளில் பவுன் என்றால் 8 கிராம். ஆகவே உங்கள் வீரன் இடுப்பில் முடிந்திருக்கும் ஒவ்வொரு காசும் ஒரு பவுனைத் தாண்டுகிறது. "ஆயிரம் பொற்காசு கிடைத்தது" என்று நடத்துநர் அலட்சியமாகச் சொல்கிறாரே, அது ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பவுன். அதை எந்தச் சம்பந்தி வீட்டிலாவது சொல்லிப் பாருங்கள்.

கையில் தூக்கிப் பார்க்க விரும்பினால், நம் இருபது ரூபாய் நாணயம் இருக்கிறதே, இரண்டு நிறத்தில், அது கிட்டத்தட்ட அந்த எடைதான். உண்டியலை உடைத்து 50 நாணயங்களைத் தராசில் வைத்தேன். அரைக் கிலோ. கடைக்காரர் கொடுக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொல்லைப்புறம் வரைக்கும் நடந்தேன். பையின் கைப்பிடி விரலில் கோடு போட்டுவிட்டது. அது வெறும் 50 காசு.

கேள்வி: பழைய பதிப்புகளில் காசு இன்னும் கனமாக இருந்தது என்கிறார்களே?
(வாசகர், கியூர்பிப்)

ஆமாம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது 10 காசுக்கு ஒரு ராத்தல். அதாவது ஒரு காசு 45 கிராம். அவ்வளவு கனமான காசை எந்த ராஜா அடித்தார்? உலகம் முழுவதும் புழங்கிய ஸ்பானிய வெள்ளி டாலரே 27 கிராம்தான். நம் தீவிலேயே 1810-ல் ஆளுநர் டெகேன், பிடிபட்ட போர்த்துகீசியக் கப்பலின் வெள்ளியை உருக்கிப் பத்து லிவர் நாணயம் அடித்தார். அந்த "டெகேன் பியாஸ்தர்" கையில் வைத்தால் உள்ளங்கை நிறையும். அதுவும் ஏறத்தாழ 27 கிராம்தான்.

ஆனால் அந்தக் கணக்கைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் காசை எடைபோடவில்லை. காசையே எடைக்கல்லாக வைத்திருந்தார்கள். வாள், கேடயம், கயிறு, எல்லாவற்றின் எடையும் "இத்தனை காசு" என்றே எழுதப்பட்டது. நம் தட்டான்கள் குன்றிமணியை எடைக்கல்லாக வைத்திருந்ததைப் போல. 1981-ல் வந்த அடிப்படைப் பதிப்பில் இது அழகாக இருக்கும். 400 காசு எடை வரைக்கும் ஆராய்ந்து நடக்கும் வேகம் பத்து நிமிடச் சுற்று ஒன்றுக்கு 120 அடி. 600 வரைக்கும் 90. 800 வரைக்கும் 60. அதற்கு மேல் 1600 வரைக்கும் 30 அடி, நத்தை நடை. 1600-ஐத் தாண்டினால் நகரவே முடியாது.

அதைவிட முக்கியமானது, அந்தக் காலத்து ஆட்டத்தில், வீரர்கள் இறங்கிப் புதையல் தேடும் பாதாளத்திலிருந்து வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் வீரனை வளர்க்கும் ஓர் அனுபவப் புள்ளி. உள்ளே கிடந்தால் புள்ளி இல்லை. பணம் பாதாளம் வரைக்கும் பாயும் என்பார்கள் நம்மவர்கள். அந்த ஆட்டம் கேட்டது வேறு கேள்வி: பாதாளத்திலிருந்து பணம் மேலே வருமா? காசின் கனமே ஆட்டத்தின் எதிரி. பின்னால் வந்த பதிப்புகளில் காசுக்குப் புள்ளி போய்விட்டது. எடை மட்டும் வீரனின் விவரம் எழுதும் தாளில் தங்கிவிட்டது. ஏன் எண்ணுகிறோம் என்று இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாததில் வியப்பில்லை.

கேள்வி: என் போர்வீரனின் வலிமை எண் 16. விதிப்படி 240 ராத்தல் சுமக்கலாம். நிறையவே இடம் இருக்கிறதே, பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்?
(வாசகர், வக்வா)

பதினாறைப் பதினைந்தால் பெருக்கினால் உங்கள் 240 ராத்தல், அதாவது 109 கிலோ. ஐயா, என் அப்பா போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை சுமந்தவர். சர்க்கரையை மூட்டை கட்டாமல் மொத்தமாகக் கப்பலில் கொட்டும் முனையம் 1980-ல் வந்தது. அதுவரைக்கும் ஆள் முதுகுதான் கிரேன். அவர் சொல்வார்: "மூட்டை கனமில்லைடா, மூட்டையோடு திரும்புவதுதான் கனம்." நேராக நடக்கலாம். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் போச்சு. உங்கள் போர்வீரன் 109 கிலோவோடு வாளும் சுழற்றுகிறான்.

2014 பதிப்பிலேயே இதற்கு ஒரு மாற்று விதி உண்டு. பலர் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வலிமை எண்ணை ஐந்தால் பெருக்குங்கள்: உங்களுக்கு 80. அதைத் தாண்டினால் வேகத்தில் 10 அடி குறையும். பத்தால் பெருக்கினால் 160. அதைத் தாண்டினால் 20 அடி குறையும், உடம்பை வருத்தும் பகடைகளிலும் தாக்கும் பகடையிலும் பாதகம்.

இப்போது உங்கள் ஆளை என் எடைமேடையில் ஏற்றுங்கள். சங்கிலிக் கவசம் 55. கேடயம் 6. வாள் 3. முதுகுப்பை, படுக்கை, பத்து நாள் உணவு, பத்துப் பந்தம், தண்ணீர்ப் பை, 50 அடிக் கயிறு, சில்லறைச் சாமான் எல்லாம் சேர்ந்த பயணப் பொதி 59. ஆக 123. ஒரு காசுகூட எடுப்பதற்கு முன்பே 80-ஐத் தாண்டிவிட்டீர்கள், வேகம் குறைந்துவிட்டது. 160-க்கு இன்னும் 37 ராத்தல் பாக்கி, அதாவது 1850 காசு. நிறைய இடம் என்கிறீர்கள். 1851-ஆவது காசில் உங்கள் வீரனுக்கு மூச்சு வாங்கும்.

கேள்வி: காசுகளைக் காசுமாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் அது நகைதானே? எடைக் கணக்கில் வராது அல்லவா?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று எழுதியவர், கூட்லாண்ட்ஸ்)

கல்யாண வீட்டில் மூன்று மணி நேரம் காசுமாலையோடு நின்ற எந்தப் பெண்ணிடமாவது இதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். மேலும், பூதங்களுக்குக் காது உண்டு. சலங்கை கட்டியவன் ஒளிந்து நடக்கும் பகடை உருட்ட வரக்கூடாது.

கேள்வி: என் குழுவினர் எடைக் கணக்கு என்றாலே முகம் சுளிக்கிறார்கள். நானும் பள்ளியில் நாள் முழுவதும் கணக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். விட்டுவிடலாமா?
(ஆசிரியை, மாயேபூர்)

டீச்சர், விடுவதும் விடாததும் உங்கள் மேசையின் விருப்பம். எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன், பிறகு முடிவு செய்யுங்கள்.

பேத்தியுடையது குள்ளர் குலத்துப் போர்வீராங்கனை. மருமகன் திருடன், வங்கியில் வேலை பார்ப்பவருக்கு ஆட்டத்திலாவது திருட ஆசை. பக்கத்து வீட்டுப் பையன் மந்திரவாதி, வலிமை எண் 8. பாழடைந்த கோயில் கிணற்றுக்குள் கயிறு கட்டி இறங்கி, அடியில் ஒரு கல்லறைக்குள் நுழைந்தார்கள். உள்ளே மண்பானைகள். 6000 செப்புக்காசு, 400 வெள்ளிக்காசு. அந்த நேரம் பார்த்துக் கிணற்றில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. நான்தான் ஏற்றினேன்.

"எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறோம்" என்றார் மருமகன். நான் ஒன்றும் பேசவில்லை. சமையலறைக்குப் போய் 5 கிலோ அரிசிப் பை இரண்டை எடுத்துவந்து அவர் இரண்டு கையிலும் கொடுத்தேன். "இதைப்போல் பதினொன்று" என்றேன். 6000 காசு 120 ராத்தல், 54 கிலோ. அவர் பைகளைக் கீழே வைக்கவில்லை. பிடித்தபடியே யோசித்தார். முழங்கை மெல்ல மெல்ல இறங்குவது மேசையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பையன் தாளைப் பார்த்துவிட்டு, "என் எல்லை சரியாக 120 ராத்தல், தாத்தா" என்றான். ஆமாம், உடுத்திய துணியையும் மந்திரப் புத்தகத்தையும் இங்கேயே விட்டுவிட்டால் முடியும் என்றேன். அவன் தாளை மடக்கி வைத்துவிட்டான்.

மருமகன் கணக்கு எளிது. செம்பு நூறுக்கு ஒரு பொன், ஆகவே 120 ராத்தலுக்கு 60 பொன். வெள்ளி பத்துக்கு ஒரு பொன், 8 ராத்தலுக்கு 40 பொன். "செம்பை விட்டுவிடு, வெள்ளியை எடு." சரியான வங்கிக்காரர் பேச்சு. ஆனால் பேத்தி அடம்பிடித்தாள். முந்தைய வாரம் ஓர் ஊர்க்காரரிடம், கோயிலுக்கு மணி வார்க்கச் செம்பு கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். நாங்கள் எல்லோரும் அதை மறந்துவிட்டோம், அவள் மறக்கவில்லை. பாரத்தைக் குறைக்க ஒவ்வொன்றாகக் கீழே போட்டாள். படுக்கை போனது. உணவுப் பொதி போனது. பந்தங்கள் போயின. அடுத்து, தோளில் சுற்றியிருந்த 50 அடிக் கயிறு, 10 ராத்தல். அதுவும் போனது.

கிணற்றடிக்கு வந்தார்கள். இறங்கும்போது கட்டிய கயிற்றை மேலே காவலுக்கு நின்ற கூலிக்காரன் அவிழ்த்துக்கொண்டு ஓடிப்போயிருந்தான். தண்ணீர் இடுப்பளவு. பேத்தியின் கை தானாகத் தோளைத் தடவியது. ஆட்டத்தில் இல்லை, நிஜத்தில், பள்ளிச் சீருடைத் தோளை. கயிறு கல்லறைக்குள் தண்ணீருக்கடியில் கிடந்தது. அந்தக் கயிற்றின் விலை கடையில் ஒரே ஒரு பொன்.

எப்படித் தப்பினார்கள் என்பது நீண்ட கதை. மந்திரவாதியின் மேலங்கியைக் கிழித்துத் திரித்தார்கள் என்பதோடு நிறுத்துகிறேன். செம்பு இன்னும் கிணற்றில் இருக்கிறது. 8 பொன்னுக்கு ஒரு கோவேறு கழுதை வாங்கியிருக்கிறார்கள். அது 420 ராத்தல் சுமக்கும். கழுதையை எப்படிக் கிணற்றில் இறக்குவது என்று இப்போது விவாதம்.

இந்த நாற்பது நிமிடத்தில் எடைக் கணக்கை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும், டீச்சர்? "பானையில் நூறு பொன் பெறுமானம் இருந்தது, எடுத்துக்கொண்டோம்."

கேள்வி: அப்படியானால் ஒவ்வொரு காசும் ஏறும்போதும் இறங்கும்போதும் எழுதிக்கொண்டே இருக்கவேண்டுமா? உங்களைப்போல் எல்லோரும் குமாஸ்தாவாக இருந்தவர்கள் அல்லர்!
(வாசகர், போர்ட் லூயிஸ்)

குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால்தான் சொல்கிறேன்: வேண்டாம். லாரி தோட்டத்தில் எத்தனை முறை நின்றது, எந்த வளைவில் எத்தனை கரும்பு விழுந்தது என்று நான் ஒருபோதும் எழுதியதில்லை. வாசலில் ஓர் எடை, திரும்பும்போது ஓர் எடை. அவ்வளவுதான் என் உத்தியோகம்.

எங்கள் மேசையிலும் அதே வழக்கம். பாதாள வாசலில் இறங்குமுன் ஒருமுறை எல்லோரும் கூட்டுகிறோம். உள்ளே சந்தை வியாபாரம் போல் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. வெளியேறுவதற்கு முன், அல்லது ஓடவேண்டிய நேரத்தில், இரண்டாம் முறை. ஊருக்குள் இருக்கும்போது எடையே கிடையாது. சத்திரத்து அறையில் பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறோம். டீ குடிக்கப் பத்துக் காசு கொடுத்தவனை எடைபோடுகிற நடத்துநர் என்னைவிட மோசமான ஆள்.

கூட்டலும் பிடிக்கவில்லை என்றால், எடைக்குப் பதில் சாமான்களுக்குக் கட்டம் போட்டுச் சுமக்கும் ஆட்டங்கள் இருக்கின்றன. 2023-ல் வந்த ஷேடோடார்க்கில் ஆளுக்குப் பத்துக் கட்டம், வலிமை எண் பத்துக்கு மேல் இருந்தால் அந்த எண்ணிக்கை. முதல் நூறு காசு இலவசம். பிறகு நூறு காசுக்கு ஒரு கட்டம். பத்து வரி கோடு போட்ட தாள் போதும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நடத்தலாம். பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் 2019 பதிப்பில் ஆயிரம் காசுக்கு ஒரு பருமன் அலகு. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆயிரம் காசு வரைக்கும் யாருக்கும் உறுத்தாது, அப்புறம் திடீரென்று உறுத்தும். உறுத்தல் மெதுவாக ஏறவேண்டும்.

கட்டக் கணக்கில் இன்னொரு நல்ல குணம், அது கனத்தை மட்டும் பார்ப்பதில்லை, தொல்லையையும் பார்க்கிறது. ஏணி ஒன்றும் பெரிய கனமில்லை. ஏணியோடு ஒரு குகையில் திரும்பிப் பாருங்கள். தைப்பூசத்தன்று காவடி எடுப்பவரிடம் கேளுங்கள், பாரம் சமமாக விழுந்தால் மலை ஏறிவிடலாம் என்பார். இடும்பன் இரண்டு மலைகளையே காவடித் தண்டில் கட்டித் தூக்கியவர், கயிற்றுக்குப் பதில் பாம்பு. அந்தக் கதையைச் சொன்னபோது பேத்தி கேட்ட ஒரே கேள்வி: "அவர் வலிமை எண் எத்தனை, தாத்தா?"

கேள்வி: எங்கள் நடத்துநர் ஒரு பெரிய மரப்பெட்டி நிறையப் பொற்காசு வைத்தார். நாங்கள் நான்கு பேர், ஒரு மாயப்பையும் இருக்கிறது. கொண்டுபோக முடியுமா?
(வாசகி, காத்ர் போர்ன்)

உங்கள் நடத்துநர் தங்கத்தை எடைபோட்டவர் அல்லர். தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனம். ஆயிரம் பொற்காசு ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியில் அடங்கிவிடும், தூக்கினால் 9 கிலோ. விதிப்புத்தகத்துப் பெட்டியின் கொள்ளளவு 12 கன அடி, தாங்கும் எடை 300 ராத்தல். 300 ராத்தல் என்றால் 15,000 காசு. அது பெட்டியின் அடியில் ஒரு படுகையாகத்தான் கிடக்கும். சித்திரங்களில் காட்டுவதைப்போல் விளிம்பு வரைக்கும் வழியவேண்டுமானால், காசுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கழித்தாலும் நான்கு டன் வரும். அது நான்கு பேர் தூக்கும் பொருளல்ல, என் எடைமேடைக்கு லாரியில் வரவேண்டிய பொருள். மயிலிறகு ஏற்றிய வண்டியே அச்சு முறியும் என்று படித்திருக்கிறோம். தங்கம் ஏற்றினால் கேட்கவேண்டுமா?

மாயப்பைக்கு வருவோம். உள்ளே 64 கன அடி இடம், தாங்குவது 500 ராத்தல். 25,000 காசு. அத்தனை தங்கமும் ஒரு வாளி அளவுதான். பை கிட்டத்தட்டக் காலியாகத் தெரியும்போதே எல்லை வந்துவிடும். இன்னும் இடம் இருக்கிறதே என்று ஒரு கைப்பிடி கூடப் போட்டால் பை கிழிந்து, உள்ளே இருந்தது அனைத்தும் விண்வெளிபோன்ற வேறோர் உலகத்தில் சிதறிவிடும். எண்ணிப் போடுங்கள், அம்மா. இந்த ஓர் இடத்தில் நான் காசு காசாக எண்ணச் சொல்வேன்.

கேள்வி: நாங்கள் ரீயூனியனில் பிரெஞ்சுப் புத்தகத்தை வைத்து விளையாடுகிறோம். ராத்தல் எங்களுக்குப் பிடிபடவில்லை. கடற்கொள்ளையர் லா பூஸின் புதையலை வைத்து ஒரு கதையும் எழுதுகிறேன், யோசனை சொல்லுங்கள்.
(வாசகர், செயின் பியேர்)

கிலோவில் இன்னும் சுலபம். நூறு காசு ஒரு கிலோ என்று வையுங்கள். வலிமை எண்ணை ஏழரையால் பெருக்கினால் மொத்தச் சுமை. முடிந்தது.

லா பூஸ் என்ற ஒலிவியே லெவாசர் உங்கள் ஊர்ச் சொத்து, நான் என்ன சொல்வது? 1721-ல் செயின் டெனி துறையில் நின்ற போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்தார், 1730 ஜூலை 7-ல் செயின் போலில் தூக்கிலிடப்பட்டார். புதையல் எங்கே என்பது அன்று முதல் பேச்சு. அந்தக் கப்பலில் ஒரு பொற்சிலுவை இருந்ததாகவும் அதைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்ததாகவும் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, உங்கள் கதைக்கு அதுதான் கரு. காசை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துவிடலாம். சிலுவையைப் பிரிக்க முடியாது. மூன்று பேர் இரண்டு கையாலும் பிடித்திருந்தால் வாள் ஏந்த யார் மிச்சம்? நான்காவது ஆள் மந்திரவாதி என்றால் எனக்கு எழுதுங்கள், என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

கேள்வி: காசு இவ்வளவு கனம் என்றால் அந்தக் கால வியாபாரிகள் என்ன செய்தார்கள்?
(வாசகர், பியூ பஸ்ஸின்)

காகிதம் எழுதினார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் நம் செட்டியார்கள் எழுதிய உண்டியல் அதுதானே? இங்கே கட்டிய பணத்தை அங்கே வாங்கிக்கொள். நடுவில் கடல், ஆனால் ஒரு காசும் கப்பல் ஏறவில்லை. உங்கள் ஆட்டத்து ஊரில் ஒரு வட்டிக்கடை வையுங்கள். காசைக் கொடுத்து ஓலை வாங்கட்டும், கழிவு நூற்றுக்கு ஐந்து. வழிப்பறிக்காரனுக்கு ஓலை எதற்கும் உதவாது. நல்ல வழிப்பறிக்காரன் என்றால் வட்டிக்கடைக்காரரைக் கடத்துவான். அடுத்த வாரக் கதை தயார். இல்லையேல் காசை ரத்தினமாக மாற்றிக்கொள்ளலாம். ஆயிரம் பொன் பெறும் கல் ஒன்று இருக்கலாம், எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. விழுந்தால் தேடக் கிடைக்காது, அதுதான் அதன் எடை.

இன்னொன்று. காசின் எடையை விலையோடு மட்டும் கட்டாதீர்கள், கூலியோடும் கட்டிப் பாருங்கள். நம் முன்னோர்கள் இந்தத் தீவுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்தபோது ஆண்களுக்கு மாதம் ஐந்து ரூபாய். அந்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம். ஐந்தாண்டுக் கூலியில் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்திருந்தால் 300 ரூபாய், மூன்றரைக் கிலோ. ஒரு கையில் தூக்கிவிடலாம். இதைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொன்ன பிறகு, அவன் மந்திரவாதி பந்தம் பிடிக்கும் கூலியாளுக்குச் சம்பளத்தை உயர்த்திவிட்டான்.

கேள்வி: ஆட்டத்தில் ரூபாய் நோட்டு கொண்டுவரலாமா?
(ஏழாம் வகுப்பு மாணவி, ரோஸ்ஹில்)

கொண்டுவரலாம், கண்ணு. எடை கிடையாது, ஆனால் தண்ணீரில் நனையும், நெருப்பில் எரியும், டிராகனிடம் எரியவே எரியும். என்ன எழுத்து எந்த வரிசையில் வரவேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள். 1998-ல் நம் நாட்டு நோட்டில் தமிழை இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறக்கி அச்சடித்தார்கள். எழுந்த எதிர்ப்பில் நோட்டுகளையே திரும்பப் பெறவேண்டியதாயிற்று. உன் கதையில் குள்ளர்கள், வனதேவர்கள், மனிதர்கள் என்று மூன்று இனம் இருந்தால், நீ ஒரு யுத்தத்துக்கே காரணம் வைத்திருக்கிறாய்.

*அடுத்த இதழில்: அம்புகளை எண்ணவேண்டுமா? இப்போதே மூன்று கடிதங்கள் வந்துவிட்டன, இரண்டு கோபமாக. கேள்விகளைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி அனுப்புங்கள்.*